நடக்கையில் தெரியும் விசுவாசம்: கொடுக்க வேண்டியதிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

யோர்தான் பக்கம் பிரசங்கித்துக்கொண்டிருந்த யோவான்ஸ்நானகரிடம் மூன்று விதமான ஆட்கள் வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: நாங்கள் என்ன செய்யவேண்டும்? லூக்கா 3-ஆம் அதிகாரத்தில் அதற்கு அவர் சொன்ன பதில்கள் இருக்கின்றன. பொதுஜனத்திடம், இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்றார். வரி வசூலிக்கும் ஆயக்காரரிடம், கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதீர்கள் என்றார். போர்ச்சேவகரிடம், யாரையும் மிரட்டிப் பறிக்காதீர்கள், பொய்க்குற்றம் சாட்டாதீர்கள், உங்கள் சம்பளம் போதுமென்று இருங்கள் என்றார்.

வேலையை விட்டுவிட்டு என்னோடு வனாந்தரத்துக்கு வாருங்கள் என்று அவர் ஒருவரையும் கூப்பிடவில்லை. இத்தனை மணி நேரம் ஜெபியுங்கள் என்றும் அங்கே சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் கைக்கு மிக அருகில் இருக்கும் தப்பிதம் எதுவோ, அதைத்தான் தொட்டார். ஆயக்காரனுக்குக் கூடுதல் வசூல், சேவகனுக்கு மிரட்டல்.

இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது. நல்லது செய்யத் தொடங்கும் முன், அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். விசுவாசத்தில் வளரவேண்டும் என்ற ஆசை வந்தவுடன் கூடுதல் ஜெபம், கூடுதல் காணிக்கை, ஓர் உபவாசம் என்று சேர்க்கப் பார்க்கிறோம். வாங்கிய கடன் அப்படியே கிடக்கிறது, வீட்டு வேலைக்கு வருபவரின் சம்பளம் தள்ளிப்போகிறது, பேசாமல் விட்ட அண்ணனோடு பேச்சு இன்னும் இல்லை. மேலே சேர்த்துக்கொண்டே போவதால் அடியில் இருப்பது சரியாகிவிடாது.

தொடங்கும் முன் ஒரு விளக்கம்

இவற்றைச் செய்தால்தான் தேவன் நம்மை ஏற்றுக்கொள்வார் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எபேசியர் 2-ஆம் அதிகாரம் கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள் என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் நற்கிரியைகளைச் செய்வதற்காகவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. கிரியையினால் அல்ல, ஆனால் கிரியைக்காக. பவுலுக்கும் யாக்கோபுக்கும் சண்டை மூட்டுகிறவர்கள் இந்த இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசிப்பதில்லை. கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எழுதும்போது, அவர் எடுத்துக்காட்டுவது உடையும் உணவும் இல்லாத ஒரு சகோதரனைப் பார்த்து "சமாதானத்தோடே போங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடும் ஆளை. அந்த ஆளின் உபதேசத்தில் பிழை இருந்திருக்காது. கையில்தான் ஒன்றும் இல்லை.

இந்த அடித்தளம் இல்லாமல் கீழே உள்ளவற்றைச் செய்யத் தொடங்கினால், சில வாரங்களில் பெருமை வரும், இல்லையென்றால் சோர்வு வரும். சரி, இனி செய்முறைக்கு வருவோம்.

முதல் படி: உங்கள் கைக்கு அருகில் இருப்பது எது?

ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பண்டிகை நாளோ ஓய்வுநாளோ வேண்டாம். காலையிலிருந்து இரவு வரை யார் யாரோடு பழகினீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரே கேள்வி: இந்த உறவில் யாருக்கு அதிகாரம் அதிகம்?

உங்களுக்கு மேலே இருப்பவர்களிடம் நீங்கள் எப்படி நடக்கிறீர்கள் என்பதில் உங்கள் விசுவாசம் அவ்வளவாகத் தெரியாது. அங்கே பயமும் ஆதாயமும் கலந்திருக்கும். திருப்பிப் பேச முடியாதவர்களிடம் நடப்பதுதான் அளவு: பிள்ளைகள், வயதான பெற்றோர், கீழே வேலை செய்பவர், வாசலில் பொருள் கொண்டுவந்து தருபவர், உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருப்பவர். ஆசிரியர் என்றால் மந்தமாகப் படிக்கும் மாணவர். மருத்துவப் பணியாளர் என்றால் திரும்பத் திரும்ப அதே கேள்வியைக் கேட்கும் நோயாளி.

அடுத்து, உங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதால் யாரும் தவறாகவே நினைக்காத ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடியுங்கள். ஜான் வுல்மன் (1720–1772) என்ற குவேக்கர் கிறிஸ்தவரின் கதை இங்கே பொருந்தும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்த இளைஞர். ஒரு கறுப்பினப் பெண்ணை விற்பதற்கான பத்திரத்தை எழுதச் சொன்னார் முதலாளி. அந்தக் காலத்தில் அது சாதாரண எழுத்து வேலை. எழுதிவிட்டார், ஆனால் மனம் உறுத்தியது. அடிமைகளை வைத்திருப்பது கிறிஸ்தவத்துக்கு ஒத்துவராது என்று நினைப்பதாக அங்கேயே சொன்னார். அடுத்து வேறொருவர் அதே மாதிரிப் பத்திரம் கேட்டபோது எழுத மறுத்துவிட்டார். பிறகு வீடு வீடாகப் போய்த் தன் சபையாரிடம் பொறுமையாகப் பேசினார். அடிமைகள் உழைக்கும் வீட்டில் தங்க நேர்ந்தால், அவர்கள் தனக்குச் செய்த வேலைக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தார். அவர் இறந்து 4 ஆண்டுகளில், 1776-இல், பிலடெல்பியா குவேக்கர் வருடாந்திரக் கூட்டம் தன் உறுப்பினர்கள் அடிமைகளை வைத்திருக்கக் கூடாது என்று தீர்மானித்தது. இத்தனைக்கும் தொடக்கம் ஒரு சாதாரண அலுவலகத் தாள்.

உங்கள் மேசையில் அப்படி எந்தத் தாள் இருக்கிறது? போலியான செலவு ரசீதா, பார்க்காமலே "சரிபார்க்கப்பட்டது" என்று போடும் கையெழுத்தா, வாடிக்கையாளர் படிக்கமாட்டார் என்று தெரிந்தே சிறிய எழுத்தில் சேர்க்கும் நிபந்தனையா? ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இரண்டாம் படி: கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத் தீர்ப்பது

இதுதான் இந்த வழிகாட்டியின் நடு மையம். இங்கே அவசரப்பட வேண்டாம்.

இயேசு தன் வீட்டில் தங்க வந்த நாளில் ஆயக்காரர் தலைவனான சகேயு, பாதி ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினது உண்டானால் நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பச் செலுத்துகிறேன் என்றார். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தின்படி, வஞ்சித்து எடுத்ததைத் தானே ஒப்புக்கொள்கிறவன் முழுத்தொகையோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும். நாலத்தனை என்பது யாத்திராகமம் 22-இல் ஆட்டைத் திருடி வெட்டினவனுக்கோ விற்றவனுக்கோ விதித்தது. சகேயு சலுகையைக் கேட்கவில்லை, திருடனுக்குரிய கணக்கைத் தானே எடுத்துக்கொண்டார். அதன் பிறகுதான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொல்கிறார்.

செய்முறை இதுதான். ஐந்து தலைப்புகளில் எழுதுங்கள்: பணம், பொருள், வாக்கு, பெயர், மன்னிப்பு. முதல் இரண்டும் விளங்கும். வாக்கு என்பது, செய்கிறேன் என்று சொல்லி மறந்தவை. "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று சொன்னதும் இதில் அடங்கும். பெயர் என்பது, இன்னொருவர் செய்த வேலைக்கு நீங்கள் எடுத்துக்கொண்ட பாராட்டு, அல்லது நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையால் ஒருவருக்கு வந்த கெட்ட பெயர். மன்னிப்பு என்பது, நீங்கள் கேட்க வேண்டியது. மற்றவர்கள் உங்களிடம் கேட்க வேண்டியவற்றுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை; கை தானாக அதை எழுதப் பார்க்கும், கவனம்.

எழுதியபின் எளிதானதிலிருந்து தொடங்குங்கள். கடன் வாங்கிய பொருள் அலமாரியில் இருக்கிறதா, இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். பணம் மொத்தமாக முடியவில்லை என்றால், கடன் கொடுத்தவரைப் பார்த்து நாமே ஒரு தவணை சொல்ல வேண்டும். அவர் கேட்கும்வரை காத்திருப்பது நேர்மையில் சேராது. ஆள் இறந்துவிட்டால் குடும்பத்தாருக்கு. உறவினரும் இல்லையென்றால் கர்த்தருக்கென்று ஆசாரியனிடம் கொடுக்கச் சொல்கிறது எண்ணாகமம் 5. ஏழைகளுக்குக் கொடுப்பது அதன் இன்றைய வடிவமாக இருக்கலாம்.

மன்னிப்புக் கேட்கும்போது மூன்று விஷயங்களைச் சொன்னால் போதும்: நான் செய்தது இன்னது, அது தவறு, அதைச் சரிசெய்ய இதைச் செய்யப்போகிறேன். "உங்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்று தொடங்க வேண்டாம். அது குற்றத்தை அவருடைய மனதுக்குத் தள்ளிவிடும் தந்திரம். "ஆனால்" என்ற சொல்லும் வரக்கூடாது. உடனே மன்னித்துவிட வேண்டும் என்று அவரை நெருக்கவும் கூடாது.

ஒரு எச்சரிக்கை. எல்லா உண்மையையும் எல்லோரிடமும் கொட்டுவது பாவநிவாரணம் ஆகாது. நம் மனப்பாரத்தை இறக்க இன்னொருவர் தலையில் புதிய பாரத்தை ஏற்றும் அறிக்கைகளும் உண்டு. மூன்றாம் நபர் ஒருவருக்கு அதனால் கேடு வரும் என்று தோன்றினால், முதலில் அனுபவமுள்ள, வாயடக்கமுள்ள ஒருவரிடம் ஆலோசனை கேளுங்கள்.

மத்தேயு 5-இல், பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுவந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்கிறார் இயேசு. இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலிலேயாவில் இருந்தார்கள். பலிபீடமோ எருசலேமில், கலிலேயாவிலிருந்து நடந்தால் நாட்கணக்கில் ஆகும் தூரத்தில். காணிக்கையை அங்கே விட்டுவிட்டு ஊருக்கு வந்து, சமாதானமாகி, மறுபடியும் போக வேண்டும். ஆராதனை காத்திருக்கட்டும், அண்ணன் தம்பி விவகாரம் காத்திருக்கக் கூடாது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தத் தூரத்தை வைத்துப் பார்த்தால் விளங்கும்.

மூன்றாம் படி: நாக்கு

"உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்." இதன் நடைமுறை அர்த்தம் எளிது: வரமாட்டேன் என்று தெரிந்தால் வருகிறேன் என்று சொல்லாதீர்கள். "கடவுள் சித்தமானால் பார்ப்போம்" என்று சொல்லித் தப்பிப்பதும் வேண்டாம். தன் விருப்பமின்மையை தேவசித்தத்தின் பின்னால் மறைப்பது பக்தியுள்ள பொய்.

அங்கே இல்லாதவரைப் பற்றிப் பேசுவதுதான் நம் சபைகளின் நிரந்தர வியாதி. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் "ஜெப விண்ணப்பம்". அந்தக் குடும்பத்துக்காக ஜெபியுங்கள் என்று தொடங்கி, அந்தக் குடும்பத்தின் அத்தனை ரகசியமும் வெளியே வந்துவிடும். விவரம் தெரியாமலும் ஜெபிக்கலாம். கேட்கிறவருக்கு விவரம் தெரியும். ஜெர்மானிய இறையியலாளர் தீத்ரிக் போன்ஹோஃபர் 1935-இல் ஜெர்மனியில் ஃபிங்கன்வால்ட் என்ற இடத்தில் ரகசியமாக அல்லாவிட்டாலும் அரசின் சந்தேகப் பார்வைக்கு நடுவே போதகர் பயிற்சிப்பள்ளி ஒன்றை நடத்தினார். அங்கே அவர் வைத்த விதி ஒன்று: அங்கே இல்லாத சகோதரனைப் பற்றிப் பேசக்கூடாது, பேசிவிட்டால், பேசியதை அவனிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். இந்த விதியின் இரண்டாம் பாதிதான் வேலை செய்கிறது. ஒரு வாரம் முயன்று பாருங்கள், பேச்சு எவ்வளவு குறைகிறது என்று தெரியும்.

ஒருவர் உண்மையாகவே தப்பு செய்திருந்தால்? மத்தேயு 18-இல் வரிசை இருக்கிறது. முதலில் தனியாக அவரிடம். கேட்கவில்லையென்றால் ஓரிருவரோடு. அதற்கும் பிறகுதான் சபையில். நாம் சபையில் தொடங்கி, கடைசிவரை அவரிடம் மட்டும் பேசாமல் இருக்கிறோம்.

கைபேசியும் நாக்குதான். வந்ததை அப்படியே அனுப்பிவிடும் விரலுக்கும் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளை பொருந்தும். அற்புதம் நடந்தது என்று வரும் செய்தியானாலும் இன்னொரு மதத்தாரைக் குற்றஞ்சாட்டும் படமானாலும், எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அனுப்பாதீர்கள். தேவனுடைய மகிமைக்கு நம் பொய் தேவையில்லை.

நான்காம் படி: வேலை

எதைச் செய்தாலும் மனுஷருக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்ற கொலோசெயர் 3-ஆம் அதிகார வசனத்தை முதலாளிகள் மிகவும் விரும்புவார்கள். அது அடிமைகளுக்கு எழுதப்பட்ட பகுதி. கொஞ்சம் கீழே, அடுத்த அதிகாரத்தின் முதல் வசனம் எஜமான்களுக்கு: உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறார், வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள். இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

வேலை செய்பவராக இருந்தால்: ஒப்புக்கொண்ட நேரத்தைக் கொடுங்கள். வேலை நேரத்தில் வேதம் வாசிப்பதும் சம்பளம் கொடுப்பவரின் நேரத்தை எடுப்பதுதான். யாரும் சோதிக்காத பகுதியையும் ஒழுங்காகச் செய்யுங்கள். 6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் தன் துறவியருக்கு எழுதிய ஒழுங்குவிதியில், மடத்தின் பொருள்களைக் கவனிப்பவர் எல்லாப் பாத்திரங்களையும் பலிபீடத்தின் பரிசுத்த பாத்திரங்களைப் போலவே பாவிக்க வேண்டும் என்று இருக்கிறது. பல நூற்றாண்டு கழித்து, 1691-இல் இறந்த சகோதரர் லாரன்ஸ் பாரிஸில் ஒரு கார்மேல் மடத்துச் சமையலறையில் அதைத்தான் செய்தார். போரில் காயப்பட்ட முன்னாள் சிப்பாய். சமையல் வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காது. பிடிக்காத அந்த வேலைக்கு நடுவில், பாத்திரச் சத்தத்துக்குள், ஆலயத்தில் முழங்கால்படியிடும்போது இருப்பதைப் போலவே தேவனோடு இருக்கப் பழகினார். வேலைக்கு முன் ஒரு சின்ன ஜெபம், நடுவில் ஒரு வார்த்தை, முடிந்ததும் நன்றி. தவறினால் அழுதுகொண்டிருக்காமல் மறுபடி தொடங்குவது. இதற்குத் தனி நேரமே வேண்டாம்.

வேலை வாங்குபவராக இருந்தால் சம்பளத்தில் தொடங்குங்கள். கூலிக்காரனுடைய கூலி விடியுமட்டும் உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்கிறது லேவியராகமம் 19. உபாகமம் 24 அதற்குக் காரணமும் சொல்கிறது: அவன் ஏழை, அந்தக் கூலியின்மேல் ஆவலாக இருக்கிறான். யாக்கோபு 5-இல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது. தாமதமாகக் கொடுத்தாலும் முழுதாகத்தானே கொடுக்கிறேன் என்ற சமாதானத்துக்கு வேதத்தில் இடமில்லை.

மேலதிகாரி பொய்க்கணக்கு எழுதச் சொன்னால் என்ன செய்வது? தானியேல் 1-ஆம் அதிகாரத்தைக் கவனியுங்கள். ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தக்கூடாது என்று அவர் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார். ஆனால் ஆர்ப்பாட்டம் செய்யவில்லை, அனுமதி கேட்டார். மேலதிகாரிக்கு இதனால் வரக்கூடிய ஆபத்தைப் புரிந்துகொண்டார். பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று ஒரு மாற்றுவழியும் சொன்னார். தீர்மானம் உறுதி, பேச்சு பணிவு, கையில் ஒரு மாற்று யோசனை. "இதை என்னால் எழுத முடியாது. உண்மையான கணக்கை இன்று மாலைக்குள் தயாரித்துத் தருகிறேன், தாமதத்துக்கு என்ன காரணம் சொல்லலாம் என்று சேர்ந்து யோசிப்போம்" என்பது போன்ற ஒரு வாக்கியத்தை முன்பே யோசித்து வையுங்கள். நெருக்கடி வந்தபின் வாக்கியம் தேடினால் கிடைக்காது. சில வேளை வேலையே போகலாம். அதையும் வீட்டாரோடு முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

ஐந்தாம் படி: பணம்

இதில் சுருக்கமாகப் போகலாம், ஏனென்றால் இரண்டாம் படியில் பாதி முடிந்துவிட்டது. வரிசை இப்படி: முதலில் கடனும் கூலியும், பிறகு சொந்த வீட்டாரின் தேவை, பிறகு காணிக்கையும் தர்மமும். தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதை "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி மறுத்தவர்களை மாற்கு 7-இல் இயேசு கடுமையாகக் கடிந்துகொண்டார். பெற்றோரை மருந்துக்கு அலையவிட்டுவிட்டு ஊழியத்துக்கு அள்ளிக் கொடுப்பவர்கள் அந்தப் பகுதியை நிதானமாக வாசிக்க வேண்டும்.

இந்த வரிசையைக் காரணம் காட்டி ஒருபோதும் கொடுக்காமலே இருந்துவிடலாமா? அதற்கு மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி சொன்ன ஒரு கணக்கு உதவும். ஆக்ஸ்போர்டில் இருந்த நாட்களில் ஆண்டு வருமானம் 30 பவுண்டு. 28-இல் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்தார். வருமானம் 60 ஆனது. அப்போதும் 28-இல் வாழ்ந்து 32-ஐக் கொடுத்தார். 90 ஆனபோதும் 120 ஆனபோதும் செலவு அதே 28. வருமானம் உயரும்போது வாழ்க்கைத்தரம் தானாக உயரவேண்டியதில்லை என்பதை அவர் எண்களில் காட்டினார். குடும்பம் உள்ளவருக்கு இதே கண்டிப்பு பொருந்தாது. ஆனால் அடுத்த சம்பள உயர்வு வரும்போது அதில் எவ்வளவு கொடுக்கப்போகிறோம் என்று அது வருமுன்னே முடிவுசெய்யலாம்.

கொடுப்பதைப் படம் எடுக்காதீர்கள். வாங்குகிறவரின் முகம் உங்கள் நற்பெயருக்கு விளம்பரம் அல்ல.

ஆறாம் படி: வீடும், பிடிக்காத அந்த ஒருவரும்

வெளியே பொறுமைசாலியாக இருந்துவிட்டு வீட்டில் எரிந்துவிழுவது விசுவாசிகளிடம் சாதாரணம், ஊழியக்காரரிடம் இன்னும் அதிகம். வீட்டில் வேஷம் நெடுநாள் நிற்காது என்பதால்தான் அது நல்ல பயிற்சிக்களம். யாரும் விரும்பாத ஒரு வேலையை, இது இனி என்னுடையது என்று சொல்லாமலே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் தவறாகக் கோபப்பட்டிருந்தால் பிள்ளைகளிடமே மன்னிப்புக் கேளுங்கள். பெற்றோர் சொல்லும் ஆயிரம் வசனத்தைவிட அது அவர்கள் மனதில் நிற்கும்.

அப்புறம், எல்லோர் வாழ்க்கையிலும் ஒருவர் இருப்பார். பெரிய கெடுதல் எதுவும் செய்யமாட்டார். ஆனால் அவர் பேசும் விதம், சிரிக்கும் விதம், எல்லாமே எரிச்சலூட்டும். லிசியு நகரத்து தெரேசாவுக்கும் (1873–1897) அவர் இருந்த கார்மேல் மடத்தில் அப்படி ஒரு சகோதரி இருந்தார். தெரேசா என்ன செய்தார் என்றால், அவரைச் சந்திக்கும்போதெல்லாம் அவருக்காக ஜெபித்தார், முடிந்த உதவியைச் செய்தார், கடுமையாகப் பதில் சொல்லத் தோன்றும்போது புன்னகைத்தார், அதுவும் முடியாதபோது அந்த இடத்தைவிட்டு ஓடிவிட்டார். கடைசியில் அந்தச் சகோதரியே, என்னிடம் உனக்கு எது இவ்வளவு பிடித்திருக்கிறது என்று கேட்டாராம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஓடிப்போவது. அன்பு பெருக்கெடுக்கும்வரை அங்கேயே நின்று பல்லைக் கடிக்க வேண்டியதில்லை. வாய் தவறிவிடும் என்று தெரிந்தால் எழுந்து போய்விடுவதும் அன்புதான்.

ஏழாம் படி: மன்னிப்பது, மன்னிப்பு அல்லாதது

மன்னிப்பு உணர்ச்சியில் தொடங்க வேண்டியதில்லை. ராவன்ஸ்ப்ரூக் வதைமுகாமில் தன் அக்கா பெட்சியை இழந்த கோரி டென் பூம், 1947-இல் ம்யூனிக்கில் ஒரு கூட்டத்தில் மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்தார். அந்த முகாமின் முன்னாள் காவலர் ஒருவர் வந்து கை நீட்டினார். கோரிக்கு மன்னிக்கும் உணர்வு துளியும் வரவில்லை. கையை மட்டும் நீட்ட முடியும், மற்றதை நீர் தாரும் என்று உள்ளுக்குள் ஜெபித்துக் கையை நீட்டினார். உணர்வு அதற்குப் பின்தான் வந்தது.

ஆனால் இந்தக் கதையை அடிவாங்குகிறவர் முன்னால் எடுத்துக்காட்டாகச் சொல்லும் போதகர்களை நான் ஏற்கமாட்டேன். முகாம் அப்போது முடிந்துவிட்டது. காவலர் கையில் சாவி இல்லை. இன்னும் அடித்துக்கொண்டிருக்கும் கணவனிடம், இன்னும் தொல்லை கொடுக்கும் உறவினரிடம் திரும்பிப் போ என்பது வேறு. மன்னிப்பது என்றால் பழிவாங்கும் உரிமையைத் தேவனிடம் விட்டுவிடுவது. பாதுகாப்பை விட்டுவிடுவது அல்ல. "உன் சகோதரன் குற்றஞ்செய்தால் அவனைக் கடிந்துகொள், மனஸ்தாபப்பட்டால் மன்னிப்பாயாக" என்ற வரிசை லூக்கா 17-இல் இருக்கிறது. "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று ரோமர் 12 சமாதானத்துக்கே ஒரு வரம்பு வைக்கிறது. பவுல் சட்டத்தைப் பயன்படுத்தினார்: வாரினால் அடிக்கக் கட்டியபோது ரோமக் குடியுரிமையைச் சொன்னார், பிறகு இராயனிடம் அபயமிட்டார். வன்முறை நடக்கும் வீட்டிலிருந்து வெளியேறுவதும், பிள்ளைகளுக்குக் கொடுமை நடந்தால் காவல்துறையிடம் போவதும் விசுவாசக் குறைவல்ல. அதை சபைக்குள்ளேயே மூடி மறைப்பதுதான் பாவம்.

எட்டாம் படி: வாயால் சொல்லும் சாட்சி

வேண்டுமென்றேதான் இதைப் பின்னால் வைத்தேன். 1 பேதுரு 3-இல், உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்லுங்கள் என்று இருக்கிறது. யாராவது விசாரிக்கும்படி ஒரு வாழ்க்கை முதலில் இருக்க வேண்டும் என்பது அதற்குள் அடங்கியிருக்கிறது.

கிறிஸ்தவத்தை விட்டு விலகிப் பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்ற ரோமப் பேரரசர் ஜூலியன், 362-ஆம் ஆண்டு வாக்கில் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில் புலம்புகிறார்: இந்தக் கலிலேயர் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளை மட்டுமல்ல, நம்முடைய ஏழைகளையும் ஆதரிக்கிறார்களே! எதிரி கொடுத்த நற்சான்று. கவனிக்க வேண்டியது "நம்முடைய ஏழைகளையும்" என்பதை. உதவியை மதம் மாறுவதற்கான தூண்டிலாக வைத்தால் அது உதவியாக இராது. நல்ல சமாரியன் காயம்பட்டவனிடம் எந்த ஆலயத்துக்குப் போகிறாய் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லுங்கள், சுருக்கமாகச் சொல்லுங்கள், அவருடைய நம்பிக்கையை இகழாமல் சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: இரவில் பத்து நிமிடம், மாதத்தில் ஒரு நபர்

இக்னேஷியஸ் லொயோலா (1491–1556) கற்பித்த தினசரி ஆத்துமச் சோதனை ஐந்து பகுதிகள் கொண்டது, எந்தச் சபையாருக்கும் உதவும். அன்றைய நாளுக்காக நன்றி. உண்மையைப் பார்க்க வெளிச்சம் தரும்படி ஒரு ஜெபம். காலையிலிருந்து மணிவாரியாக நாளைத் திரும்பிப் பார்ப்பது. தவறியதற்கு மன்னிப்பு. நாளைக்கு ஒரு தீர்மானம். நன்றியில் தொடங்குவது முக்கியம். குற்றத்தில் தொடங்கினால் பலர் மூன்றாம் நாளே விட்டுவிடுவார்கள். தீர்மானம் சின்னதாக, பெயரோடு இருக்கட்டும். "அன்பாக இருப்பேன்" என்று எழுதினால் நாளை அதைச் சோதிக்க வழியில்லை. "காலையில் அம்மா இரண்டாம் தரம் கேட்கும்போது குரலை உயர்த்தமாட்டேன்" என்று எழுதினால் மறுநாள் இரவு தெரிந்துவிடும்.

இதைத் தனியாகவே செய்துகொண்டிருந்தால் நமக்கு நாமே சலுகை கொடுத்துவிடுவோம். ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடச் சொல்கிறது யாக்கோபு 5. வெஸ்லியின் ஆரம்பகாலச் சங்கங்களில் சிறுசிறு குழுக்களாகக் கூடி ஒருவரையொருவர் நேரடியாகக் கேட்கும் வழக்கம் இருந்தது. அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேச ஒரு நபர் போதும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? உங்களைப் பார்த்து வியப்பவர் வேண்டாம், உங்களிடம் சம்பளம் வாங்குபவரும் வேண்டாம். சொன்னதை வெளியே சொல்லாதவராகவும், உங்கள் வீட்டாரோடு ஓரளவு பழக்கமுள்ளவராகவும் இருந்தால் நல்லது, அப்போது நீங்கள் சொல்லாமல் விடுவது அவருக்குப் புரியும். கணவன் மனைவிக்குள் இதை வைத்துக்கொள்ளாமல் வெளியில் ஒருவரை, தன் பாலினத்தவரையே, தேடிக்கொள்வது பெரும்பாலும் எளிது. அவரிடம் இரண்டாம் படியில் எழுதிய பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் மூன்று கேள்விகளை மட்டும் கேட்கச் சொல்லுங்கள்: இதில் எதைத் தீர்த்தாய்? புதிதாக எது சேர்ந்தது? இப்போது என்னிடம் சொல்லாமல் விட்டது எது?